சுகரை அடக்கித் தொப்பையைக் குறைக்க: வட ஆற்காட்டுச் சாப்பாட்டை வைத்தே ஒரு முழு வழிகாட்டி

சோற்றை அடியோடு நிறுத்தினால்தான் தொப்பை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்று வேளையும் ராகிக்கு மாறிவிட்டால் சுகர் தானாக அடங்கிவிடும் என்று சொல்பவரையும் நம்ப வேண்டாம். வேலூர், ஆற்காடு, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து வீட்டுச் சாப்பாட்டில் கோளாறு இரண்டுதான். மாவுச்சத்து ஒரே வேளையில் குவிந்துவிடுகிறது, புரதம் பேருக்குத்தான் இருக்கிறது. இந்த இரண்டையும் சரிசெய்தால் மிச்சமெல்லாம் சுலபம். அதற்கு நேதாஜி மார்க்கெட்டில் கிடைக்காத எதையும் வாங்க வேண்டியதில்லை. "டயாபடிக்" என்று ஒட்டி விற்கும் பிஸ்கட்டும் பவுடரும் சத்தியமாக வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடலாம். சோறு, இட்லி, பரோட்டா எதுவானாலும் வயிற்றில் உடைந்து குளுக்கோஸாகி ரத்தத்தில் சேர்கிறது. அதைத் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பக் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் ஏறி நிற்கும் வரை உடம்பு தன் கையிருப்புக் கொழுப்பைத் தொடாது, சேர்க்கத்தான் பார்க்கும். அதற்காக இன்சுலினை இறக்கினாலே கொழுப்பு கரைந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அது பாதி உண்மை. செலவழிப்பதைவிடக் குறைவாகச் சாப்பிட்டால்தான் கொழுப்பு குறையும், அந்தக் கணக்கிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. ஆனால் சர்க்கரை சட்டென்று ஏறி சட்டென்று இறங்குகிறவருக்குப் பதினொரு மணிக்கே வயிறு கூப்பிடும், கை வடைக்குப் போகும். ஏற்ற இறக்கம் மட்டுப்பட்டால் பசியும் மட்டுப்படும், குறைவாகச் சாப்பிடுவது தண்டனையாகத் தெரியாது. சுகரும் தொப்பையும் சந்திக்கிற இடம் இதுதான்.

"நான் ஒல்லிதானே" என்கிறவர்கள்தான் இதை அதிகம் கவனிக்க வேண்டும். 2004இல் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் உடம்பையே அளந்து லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடம்பிலிருந்த கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் நிற்கிற உடம்பு நமக்குச் சர்வசாதாரணம். அந்த வயிற்றுக்குள் கல்லீரலைச் சுற்றித் தேங்கும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது.

முதல் வேலை: அளந்து பாருங்கள்

வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) இரண்டையும் பாருங்கள். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் சரி, 100 முதல் 125 வரை என்றால் எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள், 126ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. எச்பிஏ1சி 5.7க்குக் கீழே சரி, 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 தொட்டால் நீரிழிவு. அறிகுறி எதுவும் இல்லாமல் ஒரே ஒரு முறை அதிகமாக வந்தால் இன்னொரு முறை பார்த்துதான் முடிவு செய்வார்கள், அதனால் ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரை பார்க்கிறார்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

அப்புறம் ஒரு டெய்லர் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு அளந்தால் ஏமாறுவது நாம்தான். இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உள்கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று பொருள். எடை மெஷினைவிட இந்த டேப்பைத்தான் நம்பலாம்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அடுத்த பத்தியைப் படிக்காமல் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள்.

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுத்துக்கொண்டு சோற்றை மட்டும் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் வந்து, சுகர் பார்க்கும் மெஷினில் (குளுக்கோமீட்டர்) 70க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாவுச்சத்தைச் சுத்தமாக ஒதுக்குவதும் நீண்ட பட்டினி கிடப்பதும் வேறு விதமான ஆபத்து, ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். "டாக்டர், சாப்பாட்டைக் குறைக்கப் போகிறேன், மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இந்த வழிகாட்டியை வைத்துத் தாங்களாக எதையும் செய்ய வேண்டாம்.

காலை டிபன்

மாற்றத்தை இங்கே ஆரம்பியுங்கள். மதியச் சோற்றில் கை வைத்தால் வீட்டில் எல்லோரும் கேள்வி கேட்பார்கள், காலையில் யாரும் கவனிக்க மாட்டார்கள். வழக்கமாக என்ன சாப்பிடுகிறோம்? ஐந்து இட்லி, சட்னி, மேலே ஒரு டீ. ஒரு இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதம்தான் இருக்கும், மற்றதெல்லாம் அரிசி மாவு. பொங்கல், பூரி என்றால் இன்னும் மோசம், அதில் எண்ணெயும் நெய்யும் சேர்கிறது. இதை இப்படி மாற்றுங்கள்: இரண்டு அல்லது மூன்று இட்லி, இரண்டு முட்டை, காய் நிறையப் போட்ட சாம்பார் ஒரு பெரிய கிண்ணம். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை சாப்பிடாதவர்கள் பச்சைப்பயறு அடை, முளைகட்டிய பயறு, சுண்டல், வீட்டில் உறை ஊற்றிய தயிர் என்று போகலாம். சட்னியைப் பொறுத்தவரை, மல்லாட்டைச் சட்னி ருசிதான், நம் ஊர்ச் சரக்குதான், ஆனால் வேர்க்கடலையில் பாதி எடை கொழுப்பு, 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் போகும். இரண்டு ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு புரதம் வேண்டும் என்று கேட்டால், எடை குறைக்கிறவர்கள் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். 65 கிலோ ஆளுக்கு 65 கிராம். சைவச் சாப்பாட்டில் இதை எட்டக் கொஞ்சம் திட்டம் போட வேண்டும், ரசத்தில் மிதக்கிற நாலு பருப்பு கணக்கில் வராது.

மதியச் சோறு

வெந்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து, 130 கலோரி. நம் வீட்டுத் தட்டில் குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று போட்டுக்கொள்வதை ஒரு நாள் மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். 400 கிராம் தாண்டுவது சாதாரணம். அந்த ஒரு வேளைச் சோற்றிலேயே 110 கிராமுக்கு மேல் குளுக்கோஸ் ரத்தத்துக்குப் போகிறது.

எடுத்தவுடன் பாதியாக்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் மூன்றாவது சோற்றை மட்டும் விடுங்கள், மோரைத் தனியாக டம்ளரில் குடியுங்கள். அதற்கடுத்த வாரங்களில் மொத்தமே 150 முதல் 200 கிராம் வரை கொண்டுவாருங்கள். ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொண்டு, குண்டானிலிருந்து தட்டுக்கு நேராகப் போடுவதை நிறுத்தினால் தானாகக் குறையும். குறைத்த இடத்தைக் காலியாக விடாதீர்கள், விட்டால் நாலு மணிக்கு மிக்சர் டப்பாவைத் தேடுவீர்கள். பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு பருப்போ மீனோ கோழியோ முட்டையோ, மீதிக் கால் தட்டு சோறு. முருங்கைக்கீரைப் பொரியல், சிறுகீரைக் கடைசல், அவரைக்காய், புடலங்காய் எல்லாம் எவ்வளவு வேண்டுமானாலும். உருளை, சேனை, மரவள்ளியைச் சோற்றுக் கணக்கில் சேருங்கள். அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, விதை குறைவு, சதைப்பற்று அதிகம், இந்தச் சாப்பாட்டுக்கு அதைவிடத் தோதான காய் கிடையாது. ஒரே நிபந்தனை, எண்ணெயில் நீந்தவிடக் கூடாது. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி.

வெள்ளைப் பச்சரிசியைவிடப் புழுங்கல் அரிசி கொஞ்சம் மெதுவாக ஏற்றும். ரேஷன் புழுங்கலே போதும். சோற்றை ஆறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறும் என்பதும் உண்மை. ஆனால் அந்த மாற்றம் சின்னது, அதை நம்பிப் பழையதை ஒரு குண்டான் சாப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

அளவைவிட எளிதான ஒன்று சாப்பிடும் வரிசை. காயும் பருப்பும் முட்டையும் முதலில், சோறு கடைசியில். 2015இல் நியூயார்க்கின் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நீரிழிவு உள்ள 11 பேரை ஒரே சாப்பாட்டை இரண்டு வரிசையில் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். காயும் கோழியும் முதலில் சாப்பிட்ட நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை 37 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் செலவில்லாத வேலை, இன்று மதியமே செய்து பார்க்கலாம். இலையில் பொரியலைத் தொட்டுக்கொள்ளத்தான் என்று பழகிய நமக்கு வெறும் பொரியலை அள்ளிச் சாப்பிடுவது முதலில் வேடிக்கையாக இருக்கும். "ஏன்டா, சோறு வேகலையா?" என்று பெரியம்மா கேட்டால் "வெந்துடுச்சு பெரியம்மா, கடைசியில சாப்பிடறேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

ராகியும் சாமையும்

இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். ராகி நல்ல தானியம், சந்தேகமில்லை. 100 கிராமில் 11 கிராம் நார்ச்சத்து, பாலைவிட அதிகச் சுண்ணாம்புச்சத்து. ஆனால் கலோரியில் அரிசி சுமார் 350 என்றால் ராகி சுமார் 320, அவ்வளவுதான் வித்தியாசம். மாவை நைஸாக அரைத்துக் கூழாகக் கரைத்துக் குடித்தால் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றவும் செய்யும். ஆடி மாதம் கோயிலில் ஊற்றுகிற கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு "உடம்புக்கு நல்லது" என்று சொல்லிக்கொள்வது சாமிக்கு ஏற்கலாம், குளுக்கோமீட்டர் ஏற்காது. களி, கூழைவிடப் பரவாயில்லை. அதுவும் கைக்கு அடக்கமான ஒரு உருண்டை, கூடவே கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ கொள்ளுக் கடைசலோ நிறைய. அந்தக் காலத்தில் இரண்டு உருண்டை சாப்பிட்டவர்கள் அப்புறம் ஏர் ஓட்டினார்கள், நாம் பைக் ஓட்டுகிறோம்.

ஜவ்வாது மலைச் சாமை இறங்கும் காலத்தில் வாங்கி வையுங்கள். தவிடு கொஞ்சமாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பளபளவென்று வெள்ளையாகத் தீட்டிய சாமைக்கும் அரிசிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முழுதாக வேகவைத்துச் சோறாகச் சாப்பிடுவதுதான் பலன், மாவாக்கித் தோசை சுட்டால் பாதிப் பலன் போய்விடும்.

டீயும் கொறிப்பதும்

வெல்லம், நாட்டுச் சர்க்கரை, பனைவெல்லம், தேன் எல்லாம் ரத்தத்துக்குச் சர்க்கரைதான். ஒரு நாளைக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் 35 கிராம் அங்கேயே போகிறது. ஸ்பூனைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், நாக்கு பழகிவிடும். வேலூர் மே மாத வெயிலில் கரும்புச்சாறு, ரோஸ்மில்க், நன்னாரி சர்பத் எல்லாமே கூப்பிடும், அதற்குப் பதில் உப்பு போட்ட நீர்மோரும் நுங்கும் இருக்கவே இருக்கிறது. பழத்தை ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள். கொய்யா தாராளமாக, மாம்பழம் இரண்டு துண்டு, அதுவும் சாப்பிட்டு முடித்த கையோடு. கொறிக்கத் தோன்றினால் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது ஒரு கைப்பிடி வேகவைத்த மல்லாட்டை.

ராத்திரி

ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்காது. எட்டு மணிக்குள் முடித்தால் நல்லது. இரண்டு தோசை அல்லது இரண்டு சப்பாத்தி, கூடவே மதியத்தைவிட அதிகக் காய், ஏதாவது ஒரு புரதம். தோல் தொழிற்சாலையிலும் ஷூ கம்பெனியிலும் ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு மணிக்கணக்கு சொல்லிப் பிரயோசனமில்லை. வேலைக்குக் கிளம்பும்முன் பெரிய சாப்பாடு, நடுராத்திரியில் முட்டை, சுண்டல், மோர் மட்டும், வீடு திரும்பியதும் லேசாகச் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் குறைந்தால் இன்சுலின் வேலை செய்வது மந்தமாகும், பசியும் கூடும். மற்றதையெல்லாம் சரியாகச் செய்தும் சிலருக்குச் சர்க்கரை அடங்காமல் போவது இதனால்தான்.

பிரியாணி, நோன்பு, கல்யாணம்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ சொந்தக்காரர்களை வைத்துக்கொண்டு பிரியாணியை விடு என்று சொன்னால் யாரும் விடப்போவதில்லை, விடவும் வேண்டாம். சீரகச் சம்பாவும் அரிசிதான் என்பதை மறக்காமல் இருந்தால் போதும். வெங்காயப் பச்சடியை முதலில் ஒரு கிண்ணம், அப்புறம் கறித்துண்டுகள், கடைசியில் அரை பிளேட் சோறு. பிரியாணியோடு வரும் கத்தரிக்காயில் மேலே மிதக்கும் எண்ணெயை ஒதுக்கிவிட்டுக் காயை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்காடு மக்கன் பேடாவை நாலு பேருக்கு ஒன்று என்று பங்கு போடுங்கள். அதில் பாதி தின்றாலே ஒரு நாள் டீச் சர்க்கரைக்குச் சமமாகிவிடும் என்று எனக்குத் தோன்றும், பாகில் ஊறியது அப்படி.

ரம்ஜான் நோன்பு இருக்கிற மேல்விஷாரம், பேரணாம்பட்டுக்காரர்கள் நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழம், தண்ணீர், கறியும் பருப்பும் தூக்கலாகப் போட்ட கஞ்சி ஒரு கோப்பை என்று நிறுத்தி, சமோசா பஜ்ஜியைத் தள்ளிவைத்தால் அந்த ஒரு மாதமே இடுப்பளவில் நல்ல மாற்றம் தரும். சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டில்) வெறும் சோறும் தயிரும் போதாது, முட்டையோ பருப்போ கட்டாயம் வேண்டும். மாத்திரை, ஊசி உள்ளவர்கள் நோன்புக்குச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

நடையும் தசையும்

காலையில் கோட்டைப் பக்கம் அரை மணி நேரம் நடந்துவிட்டு மீதி நாளெல்லாம் நாற்காலியில் இருப்பதைவிட, ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிடம் நடப்பது சுகருக்கு நல்லது. 2016இல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில், தினம் 30 நிமிடம் ஒரே மூச்சாக நடப்பதையும் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பதையும் ஒப்பிட்டார்கள். பிரித்து நடந்ததில்தான் சர்க்கரை நன்றாக இறங்கியது, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்ததில் பலன் கூடுதல். வெயிலுக்குப் பயந்தால் மொட்டை மாடியில் நடங்கள், வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

குளுக்கோஸை அதிகம் வாங்கிக்கொள்கிற இடம் தசை. கை கால் மெலிந்தவருக்கு அந்த இடமே குறைவு. சாப்பாட்டைக் குறைத்து நடை மட்டும் போனால் கொழுப்போடு தசையும் போய்விடும், அதனால் வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கி நடப்பது எல்லாம் சேர்த்தி.

எப்படிச் சரிபார்ப்பது

ஒரு குளுக்கோமீட்டர் இருந்தால் ஊர் பேச்சு எதையும் கேட்க வேண்டியதில்லை. சாப்பிடும்முன் ஒன்று, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இன்று களி, நாளை அதே குழம்போடு சோறு, மறுநாள் சாமை என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரே சாப்பாடு உங்களுக்கு ஒரு மாதிரியும் உங்கள் அண்ணனுக்கு வேறு மாதிரியும் ஏற்றும். நீரிழிவு உள்ளவருக்குச் சாப்பிட்ட பின் 180க்குள் என்பது பொதுவான இலக்கு.

எடை வாரம் அரை கிலோ குறைந்தால் போதும், இடுப்பை மாதம் ஒரு முறை அளந்தால் போதும். எச்பிஏ1சியை மூன்று மாதம் ஆவதற்குள் மறுபடி பார்ப்பதில் அர்த்தமில்லை. எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பிரிட்டனில் 2017இல் வெளியான டைரக்ட் ஆய்வைப் பாருங்கள். நீரிழிவு வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்களில், 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்கள் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஒரு வருடத்தில் மாத்திரை இல்லாமல் சர்க்கரையை நீரிழிவு அளவுக்குக் கீழே கொண்டுவந்தார்கள். அவர்கள் மருத்துவக் கண்காணிப்பில் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தவர்கள், அதை வீட்டில் தனியாகச் செய்யக் கூடாது. நம்மில் 15 கிலோ குறைக்க உடம்பில் இடம் இல்லாதவர்களும் உண்டு, அவர்களுக்கு நாலைந்து கிலோ குறைந்தாலே ரிப்போர்ட்டில் தெரியும்.

இரண்டு மாதம் கழித்து எடை நின்றுவிட்டால் பயப்படாமல் மூன்று இடத்தைப் பாருங்கள். சமையல் எண்ணெய்: ஒரு மாதத்துக்கு வீட்டில் எத்தனை லிட்டர் தீருகிறது, எத்தனை பேர் என்று வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு அரை லிட்டர்தான் கணக்கு. ஞாயிற்றுக்கிழமை: ஆறு நாள் சேர்த்ததை அன்று ஒரே நாளில் விட்டுவிடுகிறோமா என்று பாருங்கள். கடைசியாகச் சோற்றுக் கிண்ணம்: முதல் வாரம் தலைதட்டியது மெல்ல மெல்லக் கோபுரமாக ஏறியிருக்கும், மறுபடி தராசில் வையுங்கள்.